பூகம்பக் கோட்டு மேல ஒரு ஸ்டேடியம்: இடிச்சிட்டு வேற இடத்துல கட்டியிருக்கக் கூடாதா?

ஒரு வாசகர் கேட்டது, 2023 செப்டம்பர் 2

பெர்க்லில எம்.எஸ். சேர்ந்து ரெண்டு வாரம் ஆகுது. ரூம்மேட் இழுத்துட்டுப் போயி கலிஃபோர்னியா மெமோரியல் ஸ்டேடியத்தைக் காட்டினான். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுற இடம். அதுக்கு அடியில ஒரு கோல் போஸ்ட்ல இருந்து இன்னொரு கோல் போஸ்ட் வரைக்கும் பூகம்பக் கோடு ஓடுதாம். அது தெரிஞ்சும் 2012ல 32 கோடி டாலர் கொட்டி அதே இடத்துலயே புதுப்பிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு நடந்தா எவன் கமிஷன் அடிச்சான்னு கேப்போம். இங்க ஏன் ஒருத்தரும் கேக்கலை? இடிச்சிட்டு வேற இடத்துல கட்டியிருந்தா காசும் மிச்சம், உயிருக்கும் பயம் இல்ல.

2023 செப்டம்பர் 3, காலை

ஒருத்தரும் கேக்கலைன்னு யார் சொன்னது தம்பி. கேட்டாங்க, கேஸ் போட்டாங்க, மரத்து மேல ஏறி இறங்கவே மாட்டோம்னு உக்காந்தாங்க. அப்போ நீங்க ஒண்ணாப்பு ரெண்டாப்பு படிச்சிட்டு இருந்திருப்பீங்க. நான் ஃப்ரீமாண்ட்ல வீடு வாங்கின புதுசு, சனிக்கிழமை ஆனா பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு பார்ட் ரயில் ஏறி பெர்க்லி போயிடுவோம், மரத்து மேல இருக்கிறவங்களைக் காட்டினா அவ சோறு சாப்பிடுவா.

கதையை முதல்ல இருந்து சொல்றேன். பழைய மைதானம் இப்போ ஹெர்ஸ்ட் ஜிம் இருக்கிற இடத்துல, மரப்பலகையில கட்டினது, கலிஃபோர்னியா ஃபீல்டுன்னு பேரு. ஆண்டி ஸ்மித்னு ஒரு கோச். 1920ல இருந்து 1924 வரைக்கும் அவர் டீம் ஒரு மேட்ச் கூட தோக்கலை, 44 ஜெயிப்பு, 4 டிரா. கூட்டம் தாங்கலை. பெரிசா ஒண்ணு கட்டணும், முதல் உலகப் போர்ல செத்துப்போன கலிஃபோர்னியாக்காரங்க நினைவாலயமா இருக்கட்டும்னு சொல்லி ஜனங்ககிட்ட சந்தா வசூல் பண்ணாங்க. இடம் ஸ்ட்ராபெர்ரி கேன்யன் வாய்ல. அந்த அழகான பள்ளத்தாக்கைக் கெடுக்காதீங்கன்னு அப்பவே சத்தம் போட்ட ஜனம் உண்டு. கேக்கலை. தங்கச் சுரங்கத்துல பண்ற மாதிரி தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு மலையைக் கரைச்சாங்க, ஓடையைக் குழாய்க்குள்ள விட்டு மூடினாங்க, மேற்குப் பக்கம் ரோமாபுரி கொலோசியம் மாதிரி கான்கிரீட் வளைவு எழுப்பி கிழக்குப் பக்கம் மலைச்சரிவு மேலயே பெஞ்சு போட்டாங்க. ஆர்க்கிடெக்ட் ஜான் கேலன் ஹோவர்ட். 1923 நவம்பர் 24ல முதல் மேட்ச், ஸ்டான்ஃபோர்டை 9க்கு 0ன்னு ஜெயிச்சு திறந்து வச்சாங்க.

2023 செப்டம்பர் 3, ராத்திரி

காலைல ஒண்ணு விட்டுட்டேன். கோடு இருக்கிறது தெரியாம கட்டிட்டாங்கன்னு ஒருத்தர் கீழ போட்டிருக்கார். இல்ல சார். அந்தக் கோட்டுக்கு ஹேவர்ட் பிளவுன்னு பேரு, 1868லயே ஒரு பெரிய ஆட்டம் ஆடிக் காட்டியாச்சு. 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்துக்கு அப்புறம் 1908ல வந்த லாசன் அறிக்கையில அதைப் பத்தி இருக்கு, அந்த லாசன் வாத்தியார் வேலை பார்த்ததே பெர்க்லி ஜியாலஜி டிபார்ட்மெண்ட்லதான், பொடிநடையா வந்தா ஸ்டேடியம். கட்டும்போதே சுவர்ல விரிவடையுற மாதிரி இடைவெளி விட்டுத்தான் கட்டியிருக்காங்க. தெரிஞ்சேதான் கட்டினாங்க.

2023 செப்டம்பர் 5

"கோடு"ன்னு சொன்னா ஏதோ பூகம்பம் வந்தாத்தான் அசையும்னு நினைச்சுக்கிறாங்க. இது தினமும் அசையுது. மேற்குப் பக்கத்து நிலம் வடக்கே போகுது, வருஷத்துக்கு 5 மில்லிமீட்டர். நம்ம நகம் ஒண்ணரை மாசத்துல வளர்ற அளவு. கணக்கு போடுங்க, 100 வருஷத்துக்கு 50 சென்டிமீட்டர், ஒண்ணே முக்கால் அடிக்கு கிட்ட ஸ்டேடியம் ரெண்டா விலகியிருக்கு.

2023 செப்டம்பர் 6

நேத்து போட்ட கணக்கு தப்பு. வருஷத்துக்கு 4ல இருந்து 5ன்னு சொல்றதுதான் சரி, அதோட இடத்துக்கு இடம் வேகம் மாறும். புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டேடியத்துலயே அளந்து சொன்னது ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல, 13 இன்ச். பெருக்கல் வாய்ப்பாடு வச்சு நிலத்தை அளக்கக் கூடாதுன்னு காலேஜ்ல எங்க சர்வே வாத்தியார் திட்டுவார், 30 வருஷம் கழிச்சு இங்க வாங்கிக் கட்டிக்கிறேன்.

அந்த 13 இன்ச்சை நான் கண்ணால பார்த்திருக்கேன், 2009ல. கேகேன்னு ஒரு செக்‌ஷன், தெற்கு முனையில. வெளிச்சுவர்ல மேலருந்து கீழ வரைக்கும் ஒரு பிளவு. கீழ விரல் நுழையும், மேல போகப் போக விரிஞ்சு என் கை முட்டியே உள்ள போச்சு. ரெண்டு பக்கத்துச் சுவரும் ஒரே நேர்ல இல்ல, ஒரு பக்கத்துக்காரன் கோவிச்சுக்கிட்டு ஒரு எட்டு முன்னாடி போயி நின்ன மாதிரி. உள்ள நடைபாதையில தூணெல்லாம் லேசா சாய்ஞ்சு நின்னுச்சு. என்கூட வந்த ஃப்ரெண்டு, தஞ்சாவூர்க்காரன், "இது மேல உக்காந்து 70 ஆயிரம் பேரு குதிக்கிறாங்களாடா"ன்னு கேட்டான். நான் பதில் சொல்லலை, அப்போ நாங்க ரெண்டு பேரும் அதுக்கு அடியிலதான் நின்னுட்டு இருந்தோம்.

2023 செப்டம்பர் 7

மரத்துல ஏறின கதையை எழுதுங்கன்னு மூணு பேர் கேட்டாச்சு.

ஸ்டேடியத்தோட மேற்குச் சுவரை ஒட்டி ஒரு தோப்பு, கோஸ்ட் லைவ் ஓக் மரங்க. அதை வெட்டிட்டு விளையாட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு டிரெய்னிங் சென்டர் கட்டணும்னு யூனிவர்சிட்டி முடிவு பண்ணுச்சு. பழைய ஸ்டேடியத்துக்குள்ளயே பிள்ளைங்க லாக்கர் ரூம், ஆபீஸ் எல்லாம் இருந்துச்சு, ஆடுற அன்னிக்கு மட்டும் இல்ல, தினமும் ஆளுங்க கோட்டு மேலயே புழங்குறாங்க, அவங்களை முதல்ல வெளிய எடுக்கணும்ங்கிறது நியாயமான காரணம்தான். 2006 டிசம்பர் 2, ஸ்டான்ஃபோர்டு மேட்ச் அன்னிக்கு விடியகாலையில ஒருத்தர் மரம் ஏறினார். அப்புறம் நிறைய பேர். பலகை கட்டி, கயிறு கட்டி, அங்கேயே குடித்தனம். 2007 ஜனவரியில மூணு பெரியம்மாங்க ஏறினாங்க பாருங்க, அதுதான் பேப்பர்ல வந்துச்சு: பழைய மேயர் ஷர்லி டீனுக்கு 71, கவுன்சிலர் பெட்டி ஓல்ட்ஸுக்கு 86, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைத் தூர்க்க விடாம காப்பாத்தின சில்வியா மெக்லாஃப்லினுக்கு 90 வயசு. எங்க அம்மாவுக்கு அப்போ 66, ஃபோட்டோவைப் பார்த்துட்டு "எனக்கு மாடிப்படி ஏறவே முடியலை"ன்னாங்க.

நகராட்சி ஒரு கேஸ், மலை மேல குடியிருக்கிறவங்க சங்கம் ஒரு கேஸ், ஓக் மரக்காரங்க ஒரு கேஸ். 1972ல வந்த ஆல்கிஸ்ட் பிரியோலோ சட்டம்னு ஒண்ணு இங்க இருக்கு, அசையுற பிளவு மேல ஜனங்க புழங்குற கட்டடம் புதுசா கட்டக் கூடாது, ஏற்கெனவே இருக்கிறதை மாத்தணும்னா அதோட மதிப்புல 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சரி, ரெண்டா பிளந்து நிக்கிற ஸ்டேடியத்தோட மதிப்பு எவ்வளவு? புதுசா கட்டினா ஆகுற விலையா, இல்ல இந்த நிலைமையில யாரு வாங்குவான்ங்கிற விலையா? வக்கீலுங்க இதுலயே குளிர் காஞ்சாங்க. கடைசியில யூனிவர்சிட்டி ஜெயிச்சுது. 2008 செப்டம்பர் முதல் வாரம் மரங்க விழுந்துச்சு, 9ஆம் தேதி கடைசி நாலு பேரும் ஒரு ரெட்வுட் மரத்துல மிச்சம், அதைச் சுத்தி சாரம் கட்டித்தான் இறக்கினாங்க. 21 மாசம்.

தம்பி, "யாரும் கேக்கலை"க்கு இது போதுமா?

2023 செப்டம்பர் 10

நேத்து ராத்திரி ஆபர்ன் மேட்ச். 10க்கு 14ன்னு தோத்தாச்சு, அதை விடுங்க. கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு டிப்ஸ். டிக்கெட் வாங்காதீங்க. கிழக்குப் பக்கம் ஸ்டேடியத்துக்கு மேல ஒரு மலை இருக்கு, டைட்வாட் ஹில்னு பேரு, தமிழ்ல சொன்னா கஞ்சன் மலை. ஸ்டேடியம் திறந்ததுல இருந்து காசு இல்லாதவங்க, இருந்தும் குடுக்க மனசு வராதவங்க அங்க உக்காந்துதான் பார்ப்பாங்க. நான் ரெண்டாவது வகை. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, ஒரு பழைய பெட்ஷீட். சரிவு ஜாஸ்தி, டப்பாவைக் கவனமா வைக்கணும், நேத்து என் தண்ணி பாட்டில் உருண்டு போயி எங்க நின்னுச்சுன்னே தெரியலை.

அங்கதான் பீரங்கியும் இருக்கு. கால் டீம், அதாவது நம்ம பெர்க்லி டீம் (Cal), பாயிண்ட் எடுக்கும்போதெல்லாம் ஒரு குண்டு சத்தம். 1991ல பசிபிக் யூனிவர்சிட்டியை 86க்கு 24ன்னு அடிச்சப்போ பன்னெண்டாவது டச்டவுனுக்கு மேல போடறதுக்கு மருந்து இல்லாம தீர்ந்துபோச்சாம். நேத்து அந்தக் கவலை இல்ல.

மலையில இருந்து பார்த்தா கீழ கிண்ணம் மாதிரி ஸ்டேடியம், அதுக்கு அப்பால ஊரு, அப்பால வளைகுடா, சூரியன் கோல்டன் கேட் பக்கம் விழுது. ஏன் இடம் மாத்தலைன்னு கேக்கிறவங்களை ஒரு சாயங்காலம் இங்க கொண்டு வந்து உக்கார வைக்கணும். இது வாதம் இல்லன்னு தெரியும். ஆனா 2012க்கு முன்னாடி கூடி முடிவெடுத்தவங்க மனசுல இதுவும் இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.

2023 செப்டம்பர் 14

சரி, இன்ஜினியரிங். இது என் ஏரியா, கொஞ்சம் நீளமாப் போகும்.

நம்ம ஊர்ல கோயில் திருப்பணி எப்படி? மதில் சுவரையும் கோபுரத்தையும் தொடாம உள்ள பிரிச்சு மேய்வாங்க இல்லையா, அதேதான். வெளிய இருக்கிற ஹோவர்ட் கட்டின வளைவுச் சுவர் 2006லயே தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியல்ல ஏறிடுச்சு, அதைத் தொடலை. 2010 சீசன் முடிஞ்சதும் அதுக்கு முட்டு குடுத்து நிக்க வச்சுட்டு, மேற்குப் பக்கத்து உள்பாகம் முழுக்க இடிச்சு எடுத்துட்டு புதுசா கட்டினாங்க. அந்த ஒரு வருஷம், 2011, சான் பிரான்சிஸ்கோ பேஸ்பால் கிரவுண்டுல போயி ஆடினாங்க.

கோடு எங்க வருதோ அங்க என்ன பண்றது? ரெண்டு வழிதான். அசையாம பிடிச்சு நிறுத்தணும், இல்ல அசைய விடணும். பூமியைப் பிடிச்சு நிறுத்த எவனாலயும் முடியாது. அதனால கோடு வெட்டிப்போற ரெண்டு இடத்துலயும், கேகே செக்‌ஷன், எக்ஸ்எக்ஸ் செக்‌ஷன், கேலரியை மத்த ஸ்டேடியத்துல இருந்து தனியா அறுத்து எடுத்துட்டாங்க. தனித்தனித் துண்டு. அடியில தடிச்ச கான்கிரீட் பாய், அதுக்கும் அடியில மணலும் பிளாஸ்டிக் ஷீட்டும். பெரிய பூகம்பம் வந்து நிலம் கிழிஞ்சா அந்தத் துண்டு படகு மாதிரி வழுக்கிப் போகும், பக்கத்துல இருக்கிறதை இழுக்காது. பக்கவாட்டுல 6 அடி, மேலயும் கீழயும் 2 அடி வரைக்கும் தாங்குற மாதிரி கணக்கு. 6 அடி! என் உயரத்தை விட ஜாஸ்தி.

மேல இருக்கிற பிரெஸ் பாக்ஸ், பத்திரிகைக்காரங்க உக்கார்ற இடம், இன்னொரு வேடிக்கை. அது கேலரியோட ஒட்டாம தனியா நிக்குது. அதைத் தாங்குற கான்கிரீட் சுவருங்க அடியில இறுக்கிக் கட்டினது இல்ல, ஆட்டம் வந்தா லேசா ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் உக்காரும், உள்ள இழுத்துக் கட்டியிருக்கிற கம்பி வடம் அதை மறுபடி நேரா கொண்டு வந்துடும். கேலரிக்கும் அதுக்கும் நடுவுல ஷாக் அப்சார்பர் மாதிரி டேம்பர். ஊஞ்சப் பலகையில உக்காந்திருக்கிற கிழவி மாதிரி, ஆடும், விழாது.

போன மாசம் அந்த இடைவெளி மேல போட்டிருக்கிற மூடி மேல நின்னு பார்த்தேன். ஒரு கால் பூமி மேலோட்டோட வட அமெரிக்கத் தட்டுப் பக்கம், ஒரு கால் பசிபிக் பக்கம்னு என் பொண்ணு ஃபோட்டோ எடுத்து போட்டா.

2023 செப்டம்பர் 14, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒரு ஜியாலஜிக்காரர் வந்து குட்டிட்டார். தட்டு எல்லைன்னா அது ஒரு கோடு இல்லையாம், சான் ஆண்ட்ரியாஸ், ஹேவர்ட், கலவேரஸ்னு பல பிளவு சேர்ந்த அகலமான பட்டையாம், அதனால "ஒரு கால் இந்தத் தட்டு ஒரு கால் அந்தத் தட்டு" கிடையாதாம். பொண்ணுகிட்ட சொல்லலை. ஃபோட்டோவுக்கு நிறைய லைக் வந்திருக்கு.

2023 செப்டம்பர் 24

இழை எங்கேயோ போகுது, நானும் கொஞ்சம் சொந்தக் கதை பேசிக்கிறேன். இதே ஹேவர்ட் பிளவு ஃப்ரீமாண்ட்லயும் ஓடுது, சென்ட்ரல் பார்க் வழியா. எங்க வீடு அதுல இருந்து கொஞ்சம் தள்ளி. வாங்கும்போது நடுவுல இருந்த ஆளு பேப்பர்ல எங்கேயோ சின்ன எழுத்துல இதைக் காட்டி கையெழுத்து வாங்கினார், வாயைத் திறந்து சொல்லலை, நானும் சிவில் படிச்சவன்னு பேரு, வீடு கிடைச்ச சந்தோஷத்துல படிக்கலை. மூணாவது வருஷம் கராஜ் தரையில ஒரு விரிசல். ரிப்பேருக்கு வந்தவர் "பெயிண்ட் அடிச்சா தெரியாது சார்"னார். அடிச்சோம். அடுத்த வருஷம் பெயிண்ட்டே பிளந்துச்சு.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம், ஊர்ல இருந்து கொண்டு வந்த பழைய தடி 5 ரூபாக் காசு ஒண்ணை அந்த விரிசல் மேல நிமித்தி வச்சுப் பார்ப்பேன், நுழையுதான்னு. இதுவரைக்கும் நுழையலை. இது பிளவு இல்ல, களிமண் வெயில்ல சுருங்குறதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார், அவர் சொல்றதுதான் சரியா இருக்கும். இருந்தாலும் காசு அங்கயே ஷெல்ஃப்ல இருக்கு.

ஹேவர்ட் ஊர்ல ரோஸ் ஸ்ட்ரீட்டும் பிராஸ்பெக்ட் ஸ்ட்ரீட்டும் சேர்ற முனையில நடைபாதைக் கல்லு ஒண்ணு இருந்துச்சு, கோடு நகர நகர அந்தக் கல்லு ரெண்டா விலகினதை ஜியாலஜிக்காரங்க பல வருஷமா ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தாங்க. 2016ல நகராட்சி ஆளுங்க வந்து, பாவம், கல்லு கோணலா இருக்கேன்னு பேத்து எடுத்துட்டு நேரா புதுசா போட்டுட்டாங்க. நல்ல வேலைக்காரங்க. நம்ம ஊர்ல எங்க தெரு முனையில பேந்த கல்லு நான் பொறந்ததுல இருந்து அப்படியே இருக்கு, அங்க வந்திருந்தா ஆராய்ச்சிக்கு உதவியா இருந்திருக்கும்.

2023 அக்டோபர் 2

தம்பி கேள்வியில ரெண்டாவது பாதி காசு. இதை நான் தள்ளிப் போட்டுட்டே வந்தேன், காரணம், இங்கதான் அவர் சொல்றது பாதி சரி.

ஸ்டேடியத்துக்கு 32 கோடியே 10 லட்சம் டாலர், டிரெய்னிங் சென்டரையும் சேர்த்தா 47 கோடிக்கு மேல. கடன் மட்டும் 44 கோடி சொச்சம். எப்படி அடைக்கிறது? ஒரு திட்டம் போட்டாங்க: நல்ல இடத்துச் சீட்டுங்களை 40, 50 வருஷத்துக்கு வித்துடலாம். ஒரு சீட்டு 40 ஆயிரம் டாலர்ல இருந்து 2 லட்சத்து 25 ஆயிரம் டாலர் வரைக்கும். அந்தக் காசை முதலீடு பண்ணி வர்ற வட்டியில கடன் அடையும், மிச்சத்துல மத்த விளையாட்டுங்களும் ஓடும். பேப்பர்ல அருமையா இருந்துச்சு. விக்க ஆரம்பிச்ச நேரம் 2008 பொருளாதாரச் சரிவு முடிஞ்சு ஊரே தலையில கை வச்சு உக்காந்திருந்த நேரம். அதோட டீமும் தோக்க ஆரம்பிச்சது. 2012 செப்டம்பர் 1ல புது ஸ்டேடியம் திறந்த மேட்சே நெவாடாகிட்ட 24க்கு 31ன்னு போச்சு. நினைச்ச அளவு சீட்டு விக்கலை. வருஷத்துக்கு வட்டி மட்டும் ஒரு கோடியே 80 லட்சம் டாலர் வாக்குல. கடைசித் தவணை எப்போ தெரியுமா? 2113. தட்டச்சுப் பிழை இல்ல. என் பேரனோட பேரன் காலேஜ் போறப்பவும் கட்டிக்கிட்டு இருப்பாங்க. 2018ல விளையாட்டுத் துறையால தூக்க முடியலைன்னு கடன்ல பாதிக்கு மேல யூனிவர்சிட்டியே தன் தலையில ஏத்திக்கிச்சு.

மைதானத்துப் பேரை வித்த கதை இன்னும் ஜோர். 2013ல கபாம்னு ஒரு வீடியோ கேம் கம்பெனி, 15 வருஷத்துக்கு 1 கோடியே 80 லட்சம்னு ஒப்பந்தம், மூணே வருஷத்துல முடிஞ்சுது. 2021ல எஃப்டிஎக்ஸ்னு ஒரு கிரிப்டோ கம்பெனி, 10 வருஷம், 1 கோடியே 75 லட்சம், அதுவும் கிரிப்டோவிலயே தருவோம்னாங்க. போன வருஷம் நவம்பர்ல அந்தக் கம்பெனி திவாலானது எல்லாருக்கும் தெரியும். பூமி 100 வருஷத்துல ஒரு அடி நகந்துச்சு, பேர்ப் பலகை 10 வருஷத்துல ரெண்டு தடவை.

2023 அக்டோபர் 3

ஒருத்தர் கேட்டிருக்கார், 2 லட்சம் டாலருக்கு ஒரு இருக்கையான்னு. இதே யூனிவர்சிட்டியில தமிழ் இருக்கையும் இருக்கு சார், இங்க இருக்கிற நம்ம ஜனங்க காசு சேர்த்து உண்டாக்கினது, தமிழ்ப் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் உக்காந்த இருக்கை. அதுக்கு மழை வெயில் கிடையாது, டீம் தோத்தா விலை இறங்கவும் இறங்காது.

2023 அக்டோபர் 8

நேத்து யோசிச்சப்போ ஒண்ணு தோணுச்சு. சீட்டை முன்கூட்டியே வித்துக் கட்டுறது 2009ல யாரோ வால் ஸ்ட்ரீட் மூளைக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நான் நினைச்சிட்டு இருந்தேன். முதல் நாள் நானே எழுதினது என்ன? 1920கள்லயும் சந்தா வாங்கித்தான் கட்டியிருக்காங்க. அப்போ டீம் தோக்கவே இல்ல, சந்தா குவிஞ்சுது. ஆக திட்டம் ஒண்ணுதான், ஆண்டி ஸ்மித்தான் இல்ல. அவர் 1926 ஜனவரியில நிமோனியாவுல போயிட்டார், சாம்பலை விமானத்துல கொண்டு போயி இந்த மைதானத்து மேலயேதான் தூவினாங்க.

இது ஒரு காரணம், இடம் மாத்துறது கஷ்டம்ங்கிறதுக்கு. 1962ல கென்னடி வந்து 80 ஆயிரம் பேருக்கு மேல நின்னு கேட்ட இடம். 1982ல, இது தெரியாதவங்க இருந்தா சொல்லிடறேன், ஸ்டான்ஃபோர்டுக்கு எதிரா 4 செகண்டு பாக்கி, கால் டீம் 19க்கு 20ன்னு பின்தங்கி இருக்கு, பந்தை வாங்கினவன் பக்கத்துல எறிய, அவன் எறிய, இப்படி அஞ்சு தடவை கை மாறி, மேட்ச் முடிஞ்சுபோச்சுன்னு ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியக்காரங்க மைதானத்துக்குள்ள இறங்கிட்டாங்க, அவங்களுக்குள்ள புகுந்து ஓடி கெவின் மோயன் கோட்டைத் தாண்டி ஒரு டிராம்போன்காரர் மேலயே போயி விழுந்தார். 25க்கு 20. அந்த டிராம்போன் இப்போ காலேஜ் ஃபுட்பால் மியூசியத்துல இருக்கு. நசுங்கின கல்யாண நாதஸ்வரத்தை யாராவது மியூசியத்துல வைப்பாங்களா நம்ம ஊர்ல? வச்சா நல்லாத்தான் இருக்கும்.

2023 அக்டோபர் 29

நேத்து யூஎஸ்சி யூனிவர்சிட்டிகிட்ட 49க்கு 50ன்னு தோல்வி. கடைசியில டிராவுக்கு ஒரு கிக் போதும், ரெண்டு பாயிண்டுக்குப் போயி விட்டாங்க. மலையில என் பக்கத்துல உக்காந்திருந்த வெள்ளைக்காரத் தாத்தா தலையில போட்டுக்கிட்டார். என்ன தாத்தா இவ்வளவு வருத்தம்னு கேட்டேன், 1950கள்ல இருந்து வர்றாராம். "பழகிப்போச்சுன்னு நினைப்பேன், பழகலை"ன்னார். மிச்சம் இருந்த தயிர்சாதத்தை அவர்கிட்ட நீட்டினேன், ஊறுகாயை மட்டும் தொட்டுப் பார்த்துட்டு தண்ணி கேட்டார்.

2023 நவம்பர் 24

இன்னிக்கு 100 வயசு. தேங்க்ஸ்கிவிங் லீவு, கேம்பஸ்ல ஈ காக்கா இல்ல. நானும் பொண்ணும் வெளிச்சுவரைச் சுத்தி நடந்தோம். கேள்வி கேட்ட தம்பியும் வந்திருந்தார், நேர்ல பார்த்தா ஆளு பேச்சே இல்ல, இங்க மட்டும்தான் வாய். சுவரைத் தட்டிப் பார்த்துட்டு "இன்னும் எனக்கு ஒப்புதல் இல்ல அண்ணே"ன்னார். சரி, எனக்கே முழுசா இல்ல. கட்டினவங்க வேலையில குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா அந்த 47 கோடியில வேற என்னென்ன கட்டடத்தைப் பலப்படுத்தியிருக்கலாம்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. பிள்ளைங்க தினமும் உக்கார்ற வகுப்பறை இருக்கு, ஸ்டேடியத்துல வருஷத்துக்கு ஆறேழு சனிக்கிழமைதான் கூட்டம். இதை முதல் நாளே அவர் கேட்டிருந்தா நான் இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்க மாட்டேன்.

2024 அக்டோபர் 6

ஒரு வருஷமா பூட்டிக் கிடந்த இழையைத் தூசி தட்டுறேன். நேத்து மியாமி மேட்ச். பசிபிக் கரையில இருந்துக்கிட்டு அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ங்கிற காலேஜ் லீக்ல சேர்ந்தாச்சு இல்லையா, டிவி காசுக்காக, அதுவும் மத்தவங்களை விடக் குறைஞ்ச பங்குக்கு. 35க்கு 10ன்னு முன்னாடி போயி 38க்கு 39ன்னு தோத்தோம். மலையில நிக்க இடம் இல்ல. ஊறுகாய் தாத்தாவைத் தேடினேன், கூட்டத்துல தெரியலை.

2025 செப்டம்பர் 22

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ராத்திரி மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, 4.3. மையம் பெர்க்லிதான், ஸ்டேடியத்துக்குப் பக்கத்துலயே. எங்க வீட்டுல கட்டில் ஒரு குலுக்கு, அவ்வளவுதான். பொண்ணு இந்த வருஷம்தான் பெர்க்லில சேர்ந்திருக்கா, ஹாஸ்டல்ல இருந்து ஃபோன், "அப்பா ஏதோ லாரி இடிச்ச மாதிரி இருந்துச்சு"ன்னா. தம்பி இப்போ அங்கயே வேலையில இருக்கார், மூணு பத்துக்கு எனக்கு மெசேஜ்: "அண்ணே, இப்போ என்ன சொல்றீங்க." ஸ்டேடியத்துக்கு ஒண்ணும் ஆகலைன்னு அனுப்பினேன். "நான் என் ரூமைக் கேட்டேன்"னு பதில் வந்துச்சு.

தூக்கம் போச்சு. கராஜ் லைட்டைப் போட்டு ஷெல்ஃப்ல இருந்த 5 ரூபாக் காசை எடுத்து விரிசல் மேல நிமித்தி வச்சேன். உள்ள போயிடுச்சு. பாதி இல்ல, முழுசா. களிமண்ணா, பிளவா, நான்தான் கொஞ்சம் அழுத்திட்டேனான்னு தெரியலை, ஸ்பூன் வச்சு நெம்பிட்டு இருக்கேன், இன்னும் வரலை.